கரண்ட் வைத்து வருஷம் ஆனபிறகு இடுப்பு வலித்தால்

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் கதிர் சிகிச்சையை, அதாவது ரேடியேஷனைக் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். சின்னம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக இடுப்பில் கரண்ட் வைத்து ஒன்றரை வருஷம் கழித்து, ஒருநாள் லாரித் தண்ணியைப் பிடித்துக் குடத்தை இடுப்பில் ஏற்றியதும் புட்டத்துக்கு மேலே சுருக்கென்று பிடித்துக்கொண்டது. வயசாகிறது என்று தைலம் தேய்த்தார், நாங்களோ நோய் திரும்பிவிட்டதோ என்று வாய்விட்டுச் சொல்லாமல் பயந்தோம். கடைசியில் முதுகுத்தண்டின் அடி எலும்பில் மயிரிழை விரிசல்.

கதிர் பட்ட எலும்பில் புது எலும்பு கட்டும் செல்களும் சின்ன ரத்தக்குழாய்களும் குறைந்துபோவதால், கீழே விழாமலேயே, உடம்பு பாரத்துக்கே விரிசல் விடும். சினைப்பையும் கதிரில் செயலிழந்து மாதவிலக்கு சீக்கிரம் நின்றால் எலும்பு இன்னும் வேகமாகத் தேயும்.

அதனால் வலி இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போய், முதல் வார்த்தையே 'இந்த இடத்தில் கரண்ட் வைத்திருக்கிறது' என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். எண்ணெய் போட்டு நீவ மட்டும் போகாதீர்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி பரிசோதனை இரண்டையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் கேழ்வரகுக் கூழும், முள்ளோடு மெல்லும் காசிமேட்டு நெத்திலியும் போதுமான அளவு இருக்கட்டும். மாத்திரை டாக்டர் சொன்னால்தான். தாடையில் கரண்ட் வைத்தவர்கள் பத்து வருஷம் ஆனாலும் பல் டாக்டரிடம் சொல்லாமல் பல்லைப் பிடுங்கக் கூடாது, அந்த எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் உண்டு.

அப்புறம் மஜ்ஜை. பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜையில் சுமார் 40 சதவீதம் இடுப்பெலும்பில்தான் இருக்கிறது. அதிகக் கதிர் பட்ட இடத்தில் அது கொழுப்பாக மாறிவிடுவதால் ரத்த அணுக்கள் குறையலாம். 'ரத்தம் கம்மி' என்று நீங்களே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடாமல், முழு ரத்த அணுப் பரிசோதனை செய்து பாருங்கள். காரணமில்லாமல் தோல் கன்னிப்போவது, அடிக்கடி காய்ச்சல் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். அபூர்வமாக, பல வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய் வருவதுண்டு.

எந்த இடத்தில், எத்தனை கிரே (கதிரின் அளவு), எத்தனை நாள் வைத்தார்கள் என்று எழுதிய தாளைப் போனில் படம் எடுத்துவையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சின்னம்மாவின் ஃபைல் கட்டிலடியில் ஊறிப்போனது. பீரோ மேலே வைத்திருக்கலாம்.