பொதுப் பாடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் கணினி அறிவியல் படித்தபோது, துறைக்கு வெளியே சில பாடங்களையும் முடித்தால்தான் பட்டம் என்றார்கள். "வரலாறு எடு, வகுப்புக்கு வந்தாலே மார்க்" என்றார் சீனியர் ஒருவர். எடுத்தேன். முதல் நாளே ஆசிரியர் ஒரு பழைய கடிதத்தின் நகலை நீட்டினார். எழுதியது யார், யாருக்கு எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார்? மூன்றாவது கேள்விக்கு விடை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இப்போது "ஆப் வேலை செய்யவில்லை" என்று யாராவது ஒற்றை வரியில் புகார் அனுப்பினால், அந்த மூன்றாவது கேள்வியில்தான் ஆரம்பிக்கிறேன்.

அதனால், பாடத்தின் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். பழைய வினாத்தாளைத் தேடிப் பிடியுங்கள். "குறிப்பு வரைக" என்றே வரிசையாக இருந்தால் அது மனப்பாடப் பாடம். ஒரு பத்தியையோ அட்டவணையையோ கொடுத்து "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் சேரலாம். வினாத்தாள் கிடைக்கவில்லையா, முதல் இரண்டு வகுப்புகளில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால், இலக்கிய மாணவருக்கும் நான் சொல்வது புள்ளியியல்தான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குத்தான். பார்த்தவுடன் பாரபட்சம் என்றுதான் தோன்றும். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலான துறைகளில் அப்படி ஒன்றும் இல்லை. யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். அப்படி ஏன் விண்ணப்பித்தார்கள் என்பதற்கு இந்த அட்டவணையில் விடை இல்லை. அதற்குச் சமூகவியல் பக்கம் போக வேண்டும். சதவீதத்தைப் பார்த்தால் "எதில் எத்தனை?" என்று கேட்கும் பழக்கம் ஒரு செமஸ்டரில் வந்துவிடும்.

அப்புறம், இந்தப் பாடங்களைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளாதீர்கள். ப்ராஜெக்ட் நெருக்கடியில் ஏனோதானோ என்றுதான் எழுதுவீர்கள். இரண்டாம் ஆண்டுக்குள் எடுத்தால் கற்றதைச் சொந்தத் துறையில் போட்டுப் பார்க்கவும் காலம் இருக்கும். அசைன்மென்ட் தலைப்பையும் உங்கள் துறையிலிருந்தே கேட்டு வாங்குங்கள். நர்ஸிங் மாணவர் அறவியல் வகுப்பில், நோயாளியிடம் எதை மறைக்கலாம் என்று எழுதலாமே. கேட்டால் பெரும்பாலும் ஆசிரியர்கள் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொன்று, யார் பாடம் எடுக்கிறார் என்று விசாரித்துவிடுங்கள். வரலாற்றில் எனக்கு வந்தது 58. "வந்தாலே மார்க் என்றீர்களே?" என்று சீனியரிடம் சண்டைக்குப் போனேன். அவர் படித்தது வேறு ஆசிரியரிடமாம்.