கரைதிறன் பாடத்தில் நான் திருத்திக்கொண்ட பிழை

ஏற்காட்டில் பத்தாம் வகுப்புக்குக் கரைதிறன் பாடம் நடத்தியபோது, சூடாக்கினால் எந்தத் திடப்பொருளும் மிகுதியாகக் கரையும் என்று பொதுப்படச் சொல்லிவிட்டேன். 100 கிராம் நீரில் 40 கிராம் உப்பைப் போட்டு, தட்டால் மூடிக் காய்ச்சியும், முகவையின் அடியில் சிறிது உப்பு அப்படியே கிடப்பதை ஒரு மாணவி காட்டினாள். அவள் கண்டது சரிதான். அறை வெப்பநிலையில் 36 கிராம் கரையும் உப்பு, கொதிநிலையிலும் 39 கிராமை ஒட்டியே நின்றுவிடுகிறது.

மறுநாள் உப்புக்குப் பக்கத்திலேயே வெடியுப்பையும் (பொட்டாசியம் நைட்ரேட்) வைத்தேன். 20 டிகிரியில் 32 கிராம் அளவே கரையும் அது 60 டிகிரியில் 100 கிராமுக்கு மேல் கரைந்தது. மலைக்குளிர் வீசும் சன்னலோரம் வைத்ததும் ஊசி ஊசியாகப் படிகங்கள் இறங்கின. பிறகு தெவிட்டிய, அதாவது இனியும் சுண்ணாம்பு கரையாத நிலையை எட்டிய, சுண்ணாம்புத் தெளிநீரைச் சூடாக்கினேன். சுண்ணாம்பின் கரைதிறன் வெப்பத்தில் குறைவதால் அது கலங்கி வெளுத்தது. இப்போதெல்லாம் இம்மூன்றையும் செய்து முடித்து, மாணவர்களே வரைபடம் வரைந்த பின்புதான் விதியைப் பேசுகிறேன்.