நாலு கண் புழுவும் நம் அவசரக் கையும்

நாலு வயதுக் குழந்தை செய்தது என்று ஒரு காகித வண்ணத்துப்பூச்சியைக் காட்டுவார்கள். இறக்கை இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. பொட்டுகள் வரிசை பிசகாமல் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்: வரைந்தது அம்மா, வெட்டியது அப்பா, கண் இரண்டை ஒட்டியது மட்டும் குழந்தை.

சின்னப் பிள்ளைகளோடு கைவேலை செய்யும்போது நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. செய்து முடித்த பொருள் அழகாக வரவேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டால், அப்புறம் குழந்தையின் கையே நமக்கு இடைஞ்சலாகத் தெரியும்.

ஒருமுறை காகித வட்டங்களை வரிசையாக ஒட்டிப் புழு செய்துகொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த வாண்டு தலையில் ஒரு ஜோடி கண் ஒட்டினாள். சரி. வால் பக்கமும் ஒரு ஜோடி ஒட்டினாள். அதைப் பிய்த்தெடுக்க என் கை தானாகவே நீண்டது. "பின்னாடி யார் வர்றாங்கன்னு பாக்க வேணாமா?" என்றாள். கையை மடக்கிக்கொண்டேன்.

முடித்த மாதிரி ஒன்றை முன்னால் வைத்து 'இதே மாதிரி செய்' என்பதும் இதன் தம்பிதான். இரண்டு நிமிடத்தில் "எனக்கு வரல, நீயே செஞ்சு குடு" என்று வந்து நிற்கும். காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு படியை மட்டும், உங்கள் காகிதத்தில் செய்து காட்டிவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். குழந்தையின் காகிதத்தில் உங்கள் பென்சில் படவே கூடாது.

அடுத்தது கத்தரிக்கோல். பயத்தில் பலர் மழுங்கிய பிளாஸ்டிக் கத்தரியைக் கொடுக்கிறார்கள். அது காகிதத்தை வெட்டாது, மடித்துக் கசக்கும். குழந்தை வேகத்தைக் கூட்டும், கோபம் வரும். முனை மழுங்கலாகவும் வெட்டும் பக்கம் கூர்மையாகவும் இருப்பதுதான் சரி. பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். மூன்று வயதை ஒட்டி ஓரத்தில் ஒரு 'சிக்' வெட்டு வரும். நேர்கோட்டில் வெட்ட நாலு வயது ஆகலாம். வட்டம் அதற்கும் பின்னால். மூன்று வயதுக் குழந்தையிடம் நட்சத்திரம் வெட்டச் சொன்னால் தவறு நம்முடையதுதான். தொடக்கத்தில் இரண்டு விரல் அகலத்தில் கெட்டியான அட்டைப் பட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே வெட்டில் துண்டு கீழே விழும். அந்த ஒரு சந்தோஷத்துக்காகவே ஐம்பது துண்டு வெட்டுவார்கள். கட்டைவிரல் மேல்பக்கம் பார்க்க வேண்டும், திருப்ப வேண்டியது காகிதத்தைத்தான், கத்தரியை அல்ல. இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு வலதுகைக் கத்தரி கொடுத்தால், அதன் அலகுகள் அழுத்தத்தில் ஒன்றையொன்று விட்டு விலகும், வெட்டும் கோடும் கண்ணுக்கு மறையும். 'இவனுக்குக் கை வரல' என்று முடிவு கட்டுவதற்கு முன் இடதுகைக் கத்தரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

பசையைப் புட்டியோடு கையில் கொடுக்காதீர்கள். பிதுக்குவதே விளையாட்டாகிவிடும், மெல்லிய காகிதம் நனைந்து சுருங்கும். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி, பஞ்சுக் குச்சியால் தொட்டு வைக்கச் சொன்னால் போதும்.

வண்ணத்தில் நடக்கும் தவறு தாராளம். பன்னிரண்டு நிறத்தையும் திறந்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேற்று நிறமாகிவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கலந்தால் அப்படித்தான் ஆகும். ஒரு நாளைக்கு மஞ்சளும் நீலமும் மட்டும் கொடுங்கள். மஞ்சளில் ஒரு சொட்டு நீலம் விழுந்து பச்சையாக மாறும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அக்ரிலிக் வேண்டாம். காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி துணியோடு ஒட்டிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது.

பாதுகாப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மூன்று வயதுக்குக் கீழே மணி, பொத்தான், பொம்மைக் கண் எதுவும் மேஜைக்கு வரக்கூடாது. பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம் என்று கணக்கு. தண்ணீரில் ஊறிப் பல மடங்கு பெருக்கும் ஜெல் மணிகளை வாங்கவே வாங்காதீர்கள், விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் பெருக்கும். ஒளிரும் கைவேலைகளில் வரும் பொத்தான் பேட்டரி அதைவிட மோசம்: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கிவிடும். ஜிகினாத் தூள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் அலச வேண்டும். உப்பும் மாவும் பிசைந்த உருண்டை பார்க்கச் சாது. ஆனால் அதில் உப்பு மிக அதிகம், பச்சை மாவில் கிருமியும் இருக்கலாம். வாயில் வைக்கிற வயதுக்கு அது வேண்டாம்.

இனி, ஒரு கருப்பொருளை எடுத்துச் செய்யும் வாரங்கள். 'பூச்சிகள் வாரம்' என்று பெயர் வைத்துவிட்டு, அச்சடித்த பூச்சிப் படத்துக்கு ஐந்து நாளும் நிறம் தீட்டச் சொன்னால் குழந்தைக்குப் பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. முதலில் ஒரு எறும்பைப் பத்து நிமிடம் பார்க்கட்டும். உடம்பில் மூன்று பகுதி, ஆறு கால், ஆறும் நடுப்பகுதியிலிருந்தே கிளம்புகின்றன. அப்புறம் களிமண்ணில் உருட்டச் சொல்லுங்கள், கால் எங்கே குத்துவது என்று அவர்களே யோசிப்பார்கள். கடைகளில் வரும் தயார்ப் பெட்டிகளில் சிலந்திக்கு ஆறு கால் வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். சிலந்திக்கு எட்டு, அது பூச்சி இனமும் அல்ல. நாலு கண் புழு குழந்தையின் கற்பனை. ஆறு கால் சிலந்தி நம் கவனக்குறைவு.

முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். இரண்டு மூன்று வயதுக் கிறுக்கலில் பெரும்பாலும் அது எதுவுமே இல்லை. கை ஓடியது, கோடு வந்தது, அவ்வளவுதான். "இதைப் பத்திச் சொல்லேன்" என்றால் கதை வரும்.

பரிசு ஆசை காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள், மார்க்கர் பேனாவால் வரையப் பிரியப்பட்ட பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம் மட்டும் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து விருப்பம்போல் விளையாட விட்டபோது, அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவான நேரம் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

கடைசியாக, வீடு நிறையச் சேரும் காகிதங்கள். எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, தெரியும். பிடித்ததன் பின்பக்கம் தேதியையும் குழந்தை சொன்ன வாக்கியத்தையும் எழுதி எடுத்து வையுங்கள். மற்றதைத் தூக்கிப் போடுவது குழந்தை தூங்கிய பிறகு, குப்பைக்கூடையின் அடியில். நான் மேலாகவே போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் புழு அங்கிருந்து நாலு கண்ணாலும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.