தோல் பிரச்சினையை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

வெளிநாட்டில் ஆங்கிலம் பேசும் டாக்டரிடம் போய் 'ஸ்கின் அலர்ஜி' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். அரிப்பு, படை, கொப்புளம் எல்லாவற்றுக்கும் நாம் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். டாக்டருக்கு அது ஒவ்வாமையை மட்டுமே குறிக்கும். என்ன சாப்பிட்டீர்கள், எந்த சோப்பு என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நோய்க்குப் பெயர் வைப்பது அவர் வேலை. கண்ணுக்கும் கைக்கும் தெரிவதை நீங்கள் சொன்னால் போதும். தடவினால் மேடு தட்டாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் ஃபிளாட், தடித்திருந்தால் ரெய்ஸ்டு, நீர் கோத்திருந்தால் பிளிஸ்டர், சீழ் இருந்தால் பஸ் (pus), செதில் உதிர்ந்தால் ஸ்கேலி. மருத்துவக் குறிப்புகளில் மாக்யூல், பாப்யூல் என்று எழுதியிருக்கும், பயப்படாதீர்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் தட்டையான புள்ளியும் சின்னத் தடிப்பும்தான் அவை.

முக்கியமான ஒன்று, நிறம். பல மருத்துவ நூல்கள் வெள்ளைத் தோலில் தெரியும் சிவப்பையே படமாகக் காட்டி வந்தன. நம் தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியலாம். 'ரெட்னெஸ் இருக்கிறதா?' என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிடாமல், 'வழக்கமான நிறத்தைவிடக் கறுத்திருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது' என்று சொல்லுங்கள்.

அரிப்பில் நேரமும் இடமும் நிறையச் சொல்லும். இரவில் கூடி, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இருந்தால் சிரங்காக இருக்கலாம், ஸ்கேபிஸ் என்பார்கள். நுண்ணிய பூச்சி தோலுக்குள் குடைவதால் வருவது அது. சுத்தமில்லாததால் வருவதல்ல, ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதால், அரிப்பே இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். அறையைப் பகிர்ந்து வாழ்பவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் வறண்டு அரித்தால், கரப்பான் எனப்படும் எக்சிமாவாக இருக்கலாம். திடீரெனத் தடித்து, சில மணி நேரத்தில் மறைந்து, வேறு இடத்தில் எழும்புவது ஹைவ்ஸ். டாக்டரைப் பார்க்கும்போது அது இருக்காது, அதனால் எழும்பும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

அக்கி வேறு ரகம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வரிசையாக வரும். ஷிங்கிள்ஸ் என்று சொல்லி உடனே நேரம் கேளுங்கள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. கண்ணருகே வந்தால் காத்திருக்கவே கூடாது.

சிலவற்றுக்கு அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும். தடிப்போடு உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு திணறுவது அப்படிப்பட்டவை. காய்ச்சலோடு புள்ளிகள் வந்து, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாவிட்டால் அதுவும் அப்படியே. நம் நிறத்தில் இது தெரியாமல் போகலாம். உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம் பாருங்கள்.

கடைசியாக, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த கிரீம். படர்தாமரைக்கு என்று பலரும் பூசும் டியூப்களில் பூஞ்சை மருந்தோடு, அழற்சியை அடக்கும் வலுவான ஸ்டீராய்டும் கலந்திருப்பது உண்டு. பூசியதும் அரிப்பு அடங்கும்; பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். வட்ட விளிம்பும் மங்கிவிடுவதால், பார்க்கும் டாக்டருக்கு அது படர்தாமரை என்றே தெரியாமல் போகலாம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். எத்தனை வாரமாகப் பூசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்த டியூப்பையே மேசைமேல் எடுத்து வையுங்கள். மருந்தின் பெயர் அதில்தான் இருக்கிறது.