அப்பிள் மலியும் மாதத்தில் ஸ்லோ குக்கர்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை செய்யத் தேவையான சின் நம்பருக்கு சேர்விஸ் கனடா, ஹெல்த் கார்டுக்கு சேர்விஸ் ஒன்ராறியோ. பத்திரங்களோடு போனால் மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். யாரும் சொல்லித் தராதது குசினி விசயம்தான். செப்டெம்பர், ஒக்டோபரில் தோட்டத்துக்குப் போய்ப் பை பையாக அப்பிள் பிடுங்கி வந்து, பாதியை அழுகவிட்டுக் கொட்டுவது புதிதாக வந்த வீடுகளில் வருசா வருசம் நடக்கிறது. ஊரில் ஸ்டிக்கர் ஒட்டிய அப்பிளை ஒன்று, இரண்டென்று எண்ணி வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன கைக்கு, கிளை தாழக் காய்த்திருப்பதைக் கண்டால் நிறுத்தத் தெரியாது.

அந்த மிச்சத்துக்கு நல்ல வழி அப்பிள் சோஸ். தக்காளி சோஸ் மாதிரி உறைப்பு, வினாகிரி ஒன்றும் இல்லை. குழைய அவித்து மசித்த பழம், அவ்வளவுதான். பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டிக்கு நல்லது. கட்டித் தயிரோடும் சேரும், நம்ம எருமைத் தயிரும் பாணியும் போல வராது என்பது வேறு கதை. பேஸ்மென்ட் வாடகையில் சரியான அடுப்பு இல்லாதவர்களுக்கு, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக அவிக்கும் கரண்ட் சட்டியான ஸ்லோ குக்கர் பெரிய உதவி. ஒரு பிளக் போதும், 200 முதல் 300 வோட் வரைதான் இழுக்கும். பழைய சாமான் கடையில் வாங்கினால் உள்ளே இருக்கும் பீங்கான் சட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வேண்டாம்.

பழத்தில் முதல் இடம் மக்கின்ரொஷ். ஒன்ராறியோவின் டண்டெலாவில் 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் தன் காணியில் கண்டெடுத்த இனம். சீக்கிரம் கரையும், புளிப்பும் உண்டு. அதோடு மூன்றில் ஒரு பங்கு காலா அல்லது கோல்டன் டெலிஷியஸ் சேர்த்தால் சீனியே தேவைப்படாது. ரெட் டெலிஷியஸ் கடும் சிவப்பாக ஆளை மயக்கும், அவித்தால் சப்பென்று போகும். ஹனிகிரிஸ்ப் விலையும் கூட, இலகுவில் குழையாது. அதைப் பச்சையாகவே சாப்பிடுங்கள். மரத்தடியில் விழுந்து கிடப்பதைப் பொறுக்காதீர்கள், மான் புழுக்கை பட்ட நிலம் அது. அடிபட்ட இடத்தை வெட்டி எறியலாம். பூஞ்சணம் பிடித்து அழுகிய பழத்தை முழுதாகவே எறியுங்கள். அதில் ஊறும் பட்டுலின் நஞ்சு அவித்தாலும் போகாது.

6 குவாட் (ஐந்தரை லீற்றருக்குச் சற்றுக் கூட) குக்கருக்கு 6 றாத்தல் பழம். தோல் சீவி, விதைக்கூட்டை எடுத்து, ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். துண்டுகள் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறியது கரைந்த பிறகும் பெரியது கட்டையாகக் கிடக்கும். அரைக் கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கறுவாப்பட்டை. இங்கே கடையில் கறுவா என்று விற்பது பெரும்பாலும் தடித்த, ஒற்றைச் சுருளான வேறு சாதிப் பட்டை. காரம் கூட, அது பாதித் துண்டு போதும். ஊரிலிருந்து கொண்டு வந்த மெல்லிய பட்டையென்றால் சீலைத்துணியில் முடிந்து போடுங்கள், நொறுங்கிக் கலந்துவிடும். லோவில் 6 மணித்தியாலம், ஹையில் 3 முதல் 4. சூடு சுற்றுச் சுவரிலிருந்து வருவதால் ஓரம் முதலில் நிறம் மாறும். பாதி நேரத்தில் ஒரு தடவை கிளறுங்கள். மற்றபடி மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம், ஒவ்வொரு திறப்புக்கும் அரை மணித்தியாலம் வரை பின்போகும். வோம் என்ற மூன்றாவது பொத்தான் அவிக்க அல்ல, அவிந்ததைச் சூடாக வைக்க.

அரைக் கப் தண்ணீர் குறைவென்று தோன்றும். விறகடுப்புப் பழக்கத்தில் இன்னும் இரண்டு கப் ஊற்றினால் கஞ்சிதான் கிடைக்கும், ஏனென்றால் ஆவி மூடியில் பட்டு உள்ளேயே சொட்டும். தண்ணீராகிப் போனால் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து அதன் மேல் மூடியைச் சரித்து, ஹையில் முக்கால் மணித்தியாலம் விடுங்கள். பட்டையை எடுத்துவிட்டு மசியுங்கள், மத்தே போதும். சீனி போடுவதென்றால் மசித்து ருசி பார்த்த பிறகு.

இதுவரைக்கும் பிழைத்தால் போவது ஒரு நேரச் சாப்பாடு. மொத்தமாகக் காசைக் கரைப்பது அடுத்த படி: பழைய ஜாம் போத்தலில் சுடச்சுட ஊற்றி, இறுக்கி மூடி, அலுமாரியில் அடுக்குவது. ஊரில் விளாம்பழ ஜாம் அப்படித்தானே மாதக்கணக்கில் இருந்தது என்பார்கள். ஜாமைக் காப்பது அதில் இருக்கும் சீனி. அரைவாசிக்கு மேல் சீனியாக இருப்பதால் பூஞ்சணத்துக்குத் தண்ணீர் கிடைக்காது. ஊறுகாயைக் காப்பது உப்பும் வினாகிரியும். அப்பிள் சோஸில் இவை ஒன்றும் இல்லை, பெரும்பகுதி தண்ணீர். சில நாளில் கள்ளு மணம் வரும், ஓரத்தில் குமிழி ஓடும், மூடி மேலே உப்பும். மேலே வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிற சிக்கனம் இதில் வேண்டாம்.

"கனடாவே ஒரு பிறிட்ஜ்தானே" என்கிற புத்திசாலிகளுக்கு: ஹீற்றர் ஓடும் வீட்டின் அலுமாரியில் தை மாதத்திலும் 20 பாகைச் சூடு இருக்கும். பல்கனியில் வைத்தால் உறைந்து விரிந்து போத்தல் வெடிக்கும்.

பிறிட்ஜில் 4 பாகையில் ஒரு கிழமை. பிறீசரில் பிளாஸ்டிக் டப்பாவில், மேலே ஒரு அங்குலம் விட்டு மூடினால் 8 மாதத்துக்குச் சுவை கெடாது. அலுமாரியில்தான் வைக்க வேண்டுமென்றால் இப்படி அடைத்து வைக்கவென்றே செய்த கண்ணாடி மேசன் போத்தலும் புது மூடியும் வாங்குங்கள். சோஸை அடுப்பில் திரும்பக் கொதிக்க வைத்து, சூடான போத்தலில் அரை அங்குலம் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடி, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும் பெரிய பானையில் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். ரொறன்ரோ மாதிரித் தாழ்ந்த இடத்தில் 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு 15 நிமிடம், ஒரு லீற்றருக்கு 20. மேற்கே உள்ள கல்கரி நகரம் 1,000 மீற்றருக்கு மேல் இருப்பதால் அங்கே 20, 30. இந்தக் கொதியை ஸ்லோ குக்கரில் எடுக்க முடியாது. போத்தல்களை அதற்குள் அடுக்கித் தண்ணீர் விட்டுப் பார்ப்பது வீண் வேலை. ஆறிய பிறகு மூடியின் நடுவை விரலால் அமத்துங்கள். டிக்கென்று உள்ளே போய் வந்தால் அடைபடவில்லை, அது பிறிட்ஜுக்கு.

கடைசியாக, குக்கர் பிடித்துப்போய்க் கல்முனைக்கோ களுவாஞ்சிகுடிக்கோ பெட்டியில் போட நினைக்கிறவர்களுக்கு. இங்கே 120 வோல்ட், அங்கே 230. பிளக்கின் காலை மட்டும் மாற்றும் அடப்டர் வோல்ட்டைக் குறைக்காது. 240 வோட் குக்கர் அங்கே மூன்றரை மடங்குக்கு மேல் இழுத்துக் கருகும். காசை அனுப்பிவிடுங்கள், 230 வோல்ட் குக்கரை அங்கேயே பார்த்து வாங்கட்டும்.