ஐரோப்பாவில் மூன்று நகரங்கள், இரண்டு பேர்: முதல் பயணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

முதன்முறையாக ஐரோப்பா போகத் திட்டமிடும் தம்பதியர் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம், பார்சிலோனா என்று மடமடவென எழுதிவிடுவார்கள். கையில் இருப்பதோ பத்து நாள் விடுப்பு. இந்தப் பட்டியலை வெட்டி மூன்று நகரமாக்குவதுதான் பெரிய வேலை. மீதியெல்லாம் நான்கைந்து மாலைகள் பொறுமையாக உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

படி 1: இரவுகளை எண்ணுங்கள்

நகரம் மாறும் நாளை யோசித்துப் பாருங்கள். காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய், நான்கு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, புது ஊரில் இறங்கி வழி தேடி, அறைக்குள் நுழையும்போது மாலை ஆகிவிடும். பாதி நாளுக்கு மேல் போயிற்று. அதனால் பெரிய நகரம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது இரவு என்றால் மூன்று நகரம், அவ்வளவுதான்.

எதை வெட்டுவது என்பதில் வீட்டில் சண்டை வரும். அதற்கு ஒரு வழி: இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல், மூன்று ஊரின் பெயரையும் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். காரணம்தான் முக்கியம். ‘பழைய தெருக்களில் சும்மா நடக்க வேண்டும்’ என்பது காரணம் என்றால் அதற்குப் பல ஊர்கள் இருக்கின்றன, விட்டுக்கொடுக்கலாம். ‘சிறுவயது முதல் ஈபிள் கோபுரம் பார்க்க ஆசை’ என்றால் அதை அடிக்காதீர்கள்.

படி 2: ஒரே கோட்டில் போங்கள்

தேர்ந்தெடுத்த ஊர்கள் வரைபடத்தில் ஒரு கோடு மாதிரி வர வேண்டும். பாரிஸிலிருந்து வெனிஸ், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் என்று குறுக்கும் நெடுக்கும் ஓடினால் விமான நிலைய வரிசைகள்தான் நினைவில் நிற்கும். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் நல்ல கோடு. முதல் பயணத்துக்கு என் தேர்வு ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட். ப்ராகிலிருந்து வியன்னா ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மூன்று நாடு, மூன்று வேறு முகம். கால் ஓய்ந்துபோன கடைசி நாட்களில் புடாபெஸ்டின் வெந்நீர்க் குளியலகங்கள் காத்திருக்கும். இனி வரும் உதாரணங்களும் இந்த வழியை வைத்துத்தான்.

விமானம் தேடும்போது ‘மல்டி சிட்டி’ என்ற தேர்வை அழுத்தி, போவது ப்ராகுக்கு, திரும்புவது புடாபெஸ்டிலிருந்து என்று போடுங்கள். தொடங்கிய ஊருக்கே திரும்பி வரும் ஒரு நாளும் அந்த ரயில் செலவும் மிச்சம்.

படி 3: விசா

செக் குடியரசு, ஆஸ்திரியா, ஹங்கேரி மூன்றும் 29 நாடுகள் கொண்ட ஷெங்கன் பகுதிக்குள் இருப்பவை. ஒரே விசா போதும். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராதவை. லண்டனையும் சேர்த்தால் அதற்கான அனுமதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக இரவு தங்கும் நாட்டிடம். எல்லா நாட்டிலும் சம இரவு என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். நம் உதாரணத்தில் மூன்று, மூன்று, மூன்று என்றால் செக் தூதரகம். வியன்னாவுக்கு ஒரு இரவைக் கூட்டினால் ஆஸ்திரியா. ஆகவே இரவுக் கணக்கை முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுக்கத் தேதி கிடைப்பதே பாடு. பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். கணவன் மனைவியாகவே போனாலும் விண்ணப்பமும் கட்டணமும் தனித்தனி. ஒருவர் வருமானத்தில் இருவரும் போவதானால் திருமணச் சான்றிதழையும் கோப்பில் வையுங்கள்.

படி 4: அறை

விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள். ஸ்டேஷனுக்கு அருகே இருப்பதைவிட, மெட்ரோவுக்கோ டிராமுக்கோ பக்கத்தில் இருப்பது நல்லது. லிஃப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய கட்டடங்களில் பல சமயம் இருக்காது. தரைத்தளத்தை 0 என்று எண்ணுவார்கள் என்பதால் ‘மூன்றாவது மாடி’ என்றால் மூன்று மாடி ஏறத்தான் வேண்டும். ‘ட்வின்’ என்றால் தனித்தனிக் கட்டில், ‘டபுள்’ என்றால் இருவருக்குமான கட்டில். வியன்னாவில் டபுள் கட்டிலிலும் ஆளுக்கொரு போர்வை மடித்து வைத்திருப்பது சகஜம். யாராவது சண்டை என்று நினைத்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்!

படி 5: ரயில்

ரயில் டிக்கெட் விலை விமானம் மாதிரிதான், முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஆஸ்திரிய ரயில்வேயும் செக் ரயில்வேயும் தங்கள் செயலியிலேயே விற்கின்றன. தேடும்போது ப்ராக் ‘ப்ராஹா’ என்றும் வியன்னா ‘வீன்’ என்றும் வரும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த ரயில்கள் பலவற்றில் டிக்கெட் வேறு, இருக்கை முன்பதிவு வேறு. டிக்கெட் மட்டும் வைத்திருந்தால் ரயிலில் ஏறலாம், உட்கார இடம் உறுதியில்லை. உள்ளே இருக்கைகளுக்கு மேல் சின்னத் திரை இருக்கும். ஓர் இருக்கையில் இரண்டு ஊர்ப் பெயர்கள் ஓடினால் அந்த இரண்டு ஊருக்கும் இடையே அது வேறொருவருடையது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் சில யூரோ கொடுத்து இருக்கையையும் பதிந்துவிடுங்கள்.

பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டில் போக உதவும் யூரெயில் பாஸ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மூன்று ஊர், இரண்டு ரயில் என்ற கணக்குக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

படி 6: ஒரு நாளைக்கு ஒரு நுழைவுச்சீட்டு

புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தைச் சுற்றிக் காட்டும் சீட்டு, வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனை, ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம் இருக்கும் அங்குள்ள பெல்வெடேர் மியூசியம் ஆகியவற்றுக்கு நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள். பாரிஸ் போகிறவர்கள் கவனிக்க: லூவ்ர் மியூசியம் செவ்வாய் விடுமுறை, ஓர்சே மியூசியம் திங்கள் விடுமுறை. ஒரு நாளில் இப்படி ஒன்றுக்கு மேல் போடாதீர்கள். காலை அரண்மனை, மதியம் மியூசியம், மாலை படகு என்று அடுக்கினால் மூன்றாம் நாள் இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டீர்கள்.

அப்புறம், பாதி நாள் பிரிந்து போகலாம். ஒருவர் மியூசியத்தில் மூன்று மணி நேரம் நிற்கட்டும், இன்னொருவர் ஆற்றங்கரையில் காபி குடிக்கட்டும். மாலை சாப்பாட்டுக்குப் பேச விஷயம் கிடைக்கும்.

படி 7: பணம்

ஆஸ்திரியாவில் யூரோ, செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட். பெரும்பாலும் கார்டு போதும். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மட்டமான மாற்று விகிதம் போடுவார்கள். ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு பர்ஸ். ஒன்று திருட்டுப் போனாலும் இன்னொன்று இருக்கும். இருவரின் பாஸ்போர்ட் நகலும் டிக்கெட்டும் இருவர் கைபேசியிலும் இருக்கட்டும்.

படி 8: போய் இறங்கிய பிறகு

2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில், முதல் நுழைவில் முகப்படம் எடுத்துக் கைரேகையும் சரிபார்ப்பார்கள். வரிசை நீளலாம், இறங்கிய இரண்டு மணி நேரத்தில் ரயில் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள்.

ப்ராக் மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. நுழைவாயிலில் சிறிய மஞ்சள் பெட்டி இருக்கும். காகிதச் சீட்டை அதில் நுழைத்தால் தேதியும் நேரமும் அச்சாகும், அப்போதுதான் சீட்டு உயிர்பெறும். அச்சில்லாத சீட்டோடு பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்தான், சுற்றுலாப் பயணி என்ற சலுகை எல்லாம் இல்லை. ஆளுக்கொரு சீட்டை அச்சிடுங்கள்.

வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் பூட்டியிருக்கும். சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வைக்கலாம். மறந்துவிட்டால் முதன்மை ரயில் நிலையத்துக் கடை திறந்திருக்கும்.

கிளம்பும் நாளில் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை ஹோட்டல் வரவேற்பறையில் விட்டால் பெரும்பாலும் பத்திரமாக வைத்திருப்பார்கள். மாலை விமானம் என்றால், ஒரு பையில் நீச்சலுடையும் துண்டும் எடுத்துக்கொண்டு காலையிலேயே புடாபெஸ்டின் செச்செனி வெந்நீர்க் குளியலகத்துக்குப் போய்விடுங்கள். திறந்தவெளிக் குளத்தில் கூட்டம் அப்போதுதான் குறைவு.