கொழும்புக்கு குடும்பத்தோட குடிவர்றவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

சென்னையில ஏறினா ஒண்ணரை மணி நேரத்துல கட்டுநாயக்கால இறங்கிடலாம், இறங்கின உடனே போர்டுலயும் தமிழ் இருக்கு, அதனால வேலை மாத்தலாகி இங்க வர்ற நம்ம ஊர் குடும்பங்க பல பேரு இத வெளிநாடாவே கணக்குல எடுக்கறதில்ல. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போறதுன்னா ஆறு மாசம் விசாரிப்பாங்க, கொழும்புதானேன்னு பெட்டிய கட்டிட்டு வந்துடுறாங்க. வீட்டுக்காரர் ஆபீஸ் போயிடுவார், பிள்ளைங்க ஸ்கூல் போயிடும், வீட்டுல நிக்கற ஆளுக்குத்தான் ரெண்டாவது வாரத்துல இது வேற நாடுன்னு உறைக்க ஆரம்பிக்கும். நான் வெள்ளவத்தையில குடியிருக்கேன், புதுசா வர்றவங்க எங்கிட்ட கேக்கறத எல்லாம் சேர்த்து ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு, முக்கியமா வீட்டுல நிக்கற அந்த ஆளுக்காக.

முதல்ல வீடு. முதல் வருஷத்துக்கு என் ஓட்டு வெள்ளவத்தைக்குத்தான், அதாவது கொழும்பு 6. பம்பலப்பிட்டி, தெஹிவளை, வடக்கால கொட்டாஞ்சேனை எல்லா இடத்துலயும் தமிழ்க் குடும்பங்க இருக்காங்க, ஆனா வெள்ளவத்தையில காலி வீதிக்கு இறங்கினா சைவக்கடை, பலசரக்கு, காய்கறி மார்க்கெட், டாக்டர், கோயில் எல்லாமே நடக்கற தூரம், வண்டி ஓட்டத் தெரியாத அம்மாகூட யாரையும் எதிர்பாக்காம வீட்ட நடத்திடலாம். பத்தரமுல்லை, ராஜகிரிய பக்கம் வீடு பெருசாவும் அமைதியாவும் கிடைக்கும், ஆனா கறிவேப்பிலைக்கும் ஆட்டோ புடிக்கணும். வீட்டு ஓனருங்க ஆறு மாச வாடகை, சிலர் ஒரு வருஷ வாடகையே முன்பணமா கேப்பாங்க, புரோக்கர் கமிஷன் தனி, அதனால இத யார் கட்டறதுன்னு கம்பெனிகிட்ட ஊர்லயே பேசி எழுத்துல வாங்கிட்டு வந்துடுங்க. பழைய வீடுகள்ல நம்ம ஊர் மாதிரி உருண்டை பின் பிளக், புது அபார்ட்மெண்ட்ல சதுர பின் 13 ஆம்பியர் பிளக், கரண்ட் ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட்தான், அதனால மிக்ஸி கிரைண்டர் தாராளமா கொண்டு வரலாம், பிளக்க மட்டும் மாத்திக்கங்க. கிரைண்டர் கண்டிப்பா கொண்டு வாங்க.

மெரைன் டிரைவ்ல கடல் பாத்த வீடு எல்லாருக்கும் ஆசைதான், எனக்கும் ஆசை. ஆனா ரெண்டு விஷயம் யோசிங்க. உப்புக்காத்து. ஜன்னல் கொண்டி, கிரைண்டர் அடியில இருக்கற ஸ்க்ரூ, ஏசியோட வெளி யூனிட், ஸ்டவ் பர்னர் எல்லாம் துருப்புடிக்கும், கடல் பக்கம் ஜன்னல திறந்து வச்சுட்டு சாயங்காலம் சமையல் மேடைய கையால தடவினா பிசுபிசுன்னு இருக்கும். அடுத்தது ரயில். ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல கரையோர ரயில் பாதை ஓடுது, மணலுக்கு போகணும்னா தண்டவாளத்த தாண்டித்தான் போகணும், அலைச் சத்தத்துல ரயில் வர்ற சத்தமே கேக்காது. இங்க எல்லாரும் சர்வசாதாரணமா தண்டவாளத்துமேல நடப்பாங்க, போன் பேசிட்டேகூட நடப்பாங்க, நம்ம பிள்ளைங்க அத பாத்து பழகக்கூடாது. சின்னப் பிள்ளைங்கள கை புடிக்காம அந்தப்பக்கம் விடாதீங்க, பெரிய பிள்ளைங்ககிட்டயும் இயர்போன் மாட்டிட்டு போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி வைங்க. மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, அப்ப கடல்ல இறங்கவே வேணாம்.

இனி அடுப்படி. காலையில வாசல்ல பால் பாக்கெட் வராது, இதுதான் நம்மாளுங்களுக்கு முதல் அதிர்ச்சி. இங்க வீடுகள்ல பால் மா, அதாவது பால் பவுடர்தான் புழக்கம், டீயே அதுலதான் போடுவாங்க. சூப்பர் மார்க்கெட்ல பசும்பாலும் இருக்கு, ஆனா காபிக்கு மட்டும் அத வச்சுக்கிட்டு மிச்சத்துக்கு பால் மாவுக்கு பழகிட்டீங்கன்னா மாசச்செலவு கட்டுக்குள்ள நிக்கும். தயிருக்கு கவலையே வேணாம், மண்சட்டியில வர்ற எருமைத் தயிர் அவ்வளவு கெட்டியா இருக்கும், கித்துள் பாணி (கித்துள் பனைமரத்துப் பாகு) ஊத்தி பிள்ளைங்களுக்கு குடுத்துப் பாருங்க. அரிசியில சம்பா, கீரிச்சம்பா, நாடு, சிவப்பரிசின்னு இருக்கும், எத எடுத்தாலும் நம்ம பொன்னிய விட தண்ணியும் நேரமும் கூடப் புடிக்கும், குக்கர் விசில் கணக்க புதுசா போட்டுக்கணும். கடையில சும்மா பருப்புன்னு கேட்டா மைசூர் பருப்புதான் குடுப்பாங்க, சாம்பாருக்குன்னா துவரம்பருப்புன்னு சொல்லிக் கேளுங்க. காய்கறியில பீன்ஸ் போஞ்சி, முட்டைக்கோஸ் கோவா, காராமணி பயித்தங்காய், காஞ்ச மிளகாய் செத்தல் மிளகாய், எலுமிச்சை தேசிக்காய், வேர்க்கடலை கச்சான், இவ்வளவு தெரிஞ்சா மார்க்கெட்ல தடுமாற்றமில்ல.

சைவம் சாப்பிடற குடும்பம்னா இத மட்டும் மறக்காதீங்க. சம்பல்னா தொட்டுக்கற துவையல் மாதிரி, சீனிச்சம்பல், கட்டைச்சம்பல் ரெண்டுலயும் பெரும்பாலும் மாசி இருக்கும், அது காஞ்ச மீன். இடியப்பத்துக்கு குடுக்கற தேங்காய்ச்சம்பல்ல கூட சில கடையில போடுவாங்க, பொடியா கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சைவக்கடைன்னு போர்டு போட்ட இடத்துல பயமில்ல, மத்த இடத்துல "மாசி போட்டிருக்கா"ன்னு வாய்விட்டு கேளுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. சாயங்காலமானா பாட்டு போட்டுக்கிட்டு ஒரு ஆட்டோ தெருவுக்குள்ள வரும், பீத்தோவனோட ஃபர் எலீஸ் ட்யூன்தான் அது, ஐஸ்கிரீம் வண்டின்னு பிள்ளைங்க ஓடும், ஆனா அது பாண் வண்டி, பாண்னா பிரெட். பாண், பணிஸ், ரோல்ஸ் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடுக்கியிருக்கும். சில்லறை எடுத்துக்கிட்டு நீங்களும் இறங்குங்க, பக்கத்து வீட்டு ஆளுங்கள முதல்ல சந்திக்கறது அந்த வண்டிகிட்டதான்.

காசு விஷயத்துல, ஒரு இந்திய ரூபாய்க்கு இங்க மூணு ரூபாய்க்கு மேல, அதனால முதல் மாசம் எல்லா விலையும் பயமுறுத்தும், எதுக்கெடுத்தாலும் மனசுல வகுத்துக்கிட்டே இருப்பீங்க. சம்பளம் இலங்கை ரூபாய்ல வருதுன்னா அப்படி வகுக்கறத சீக்கிரம் விட்டுடுங்க, சம்பளத்துல எத்தனை பங்குன்னு மட்டும் பாருங்க, இல்லன்னா ஒண்ணு தேவைக்கும் செலவு பண்ண மாட்டீங்க, இல்லன்னா ஊர் விலையோட ஒப்பிட்டு இது மலிவுன்னு கண்டதையும் வாங்குவீங்க. 2024 பிப்ரவரியில யுபிஐ இங்க வந்தாச்சு, ஆனா குடியிருக்கறவங்க அத நம்பி குடும்பம் நடத்த முடியாது, இங்கயே அக்கவுண்ட் திறங்க. ஸ்டேட் பேங்க், இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் மூணுக்கும் கொழும்புல கிளை இருக்கு. கரண்ட் பில் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டோட விலையும் ஏறும், ஏசிய பாத்து போடுங்க. கேஸ் சிலிண்டர் 12.5 கிலோ, ஒண்ணு எக்ஸ்ட்ராவா வச்சுக்கங்க, 2022ல கேஸுக்கும் பெட்ரோலுக்கும் ஜனங்க நாள்கணக்குல வரிசையில நின்ன ஊர் இது.

காலண்டர் ஒண்ணு வாங்கி அடுப்படியில மாட்டுங்க. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா, பேங்க் ஆபீஸ் எல்லாம் லீவு, அன்னிக்கு இறைச்சியும் மதுவும் விக்க மாட்டாங்க, கோழி எடுக்கணும்னா முதல் நாளே எடுத்து வைங்க. ஏப்ரல்ல சித்திரைப் புத்தாண்டு நேரத்துல பாதி கொழும்பு ஊருக்குப் போயிடும், கடை பூட்டியிருக்கும், ஒரு வாரத்துக்கு சாமான் வாங்கி வச்சுடுங்க. தைப்பொங்கல், சிவராத்திரி, தீபாவளி மூணுமே இங்க அரசு விடுமுறை, தனியார் கம்பெனியில மூணுக்கும் லீவு உண்டான்னு மட்டும் கேட்டு வச்சுக்கங்க.

டெங்குவ பத்தி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லுவேன். கொழும்புல இது எப்பவும் இருக்கு, மழை விட்டுவிட்டு பெய்யற மாசங்கள்ல கூடும். பால்கனிய வாரத்துக்கு ஒரு தடவை சுத்திப் பாருங்க, செடித்தொட்டி தட்டு, ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டு, ஏசி தண்ணி விழற வாளி, அப்புறம் அழகா இருக்கேன்னு எடுத்து வச்ச காலி தயிர்ச்சட்டி, இதுலதான் தண்ணி நின்னு புழு வைக்கும். சுகாதாரப் பரிசோதகர்கள் வீட்டுக்கே வந்து பாப்பாங்க, நுளம்பு பெருகற மாதிரி இருந்தா கோர்ட்டு வரைக்கும் போகும் (கொசுவத்தான் நுளம்புன்னு சொல்றாங்க). காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும், இங்க எல்லாரும் பனடோல்னு சொல்லுவாங்க, ஐபுரூஃபன், ஆஸ்பிரின் ரெண்டும் தொடவே தொடாதீங்க, ரத்தக்கசிவு கூடிடும். முதல் சில நாளுக்கு டெங்கு இருக்கான்னு பாக்கற என்எஸ்1 டெஸ்ட், அப்புறம் டாக்டர் சொல்றபடி ரத்த அணு எண்ணிக்கை. காய்ச்சல் விட்ட உடனே சரியாயிடுச்சுன்னு பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க, டெங்குல ஆபத்தான நேரமே காய்ச்சல் இறங்கினதுக்கு அப்புறம்தான். வயித்துவலி, விடாத வாந்தி, சோர்ந்து சோர்ந்து படுக்கறது இதெல்லாம் தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரி. 1990 அடிச்சா சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாம வரும், போலீஸ் 119, ரெண்டையும் எல்லார் போன்லயும் போட்டு வைங்க. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர பாக்க அப்பாயின்ட்மென்ட் எடுக்கறத இங்க சேனல் பண்றதுன்னு சொல்லுவாங்க, போன்லயே பண்ணிடலாம்.

ஸ்கூல பொறுத்தவரைக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல்கள்ல பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் இல்லன்னா எடெக்செல் பாடத்திட்டம். எத்தனை வருஷம் இருக்கப் போறீங்கன்னு முதல்லயே உக்காந்து கணக்கு போடுங்க, ஏன்னா சிபிஎஸ்சில ஒன்பதாம் வகுப்புலயே போர்டு ரெஜிஸ்ட்ரேஷன், நடுவுல பத்தாவதுல போய் நேரா சேர்றது ரொம்ப கஷ்டம். அதனால ஒன்பதுக்கு முன்னாடி திரும்புங்க, இல்லன்னா இங்கயே ஓ லெவல, அதாவது நம்ம பத்தாவதுக்கு சமமான பரீட்சைய, முடிச்சுட்டு பதினொண்ணுக்கு போங்க. சேர்க்கைக் கட்டணம் திரும்பி வருமா வராதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பிள்ளைங்க கொஞ்ச நாள்ல "ஓம் அம்மா", "டீச்சர் கதைச்சவ"ன்னு பேச ஆரம்பிக்கும் (ஓம்னா ஆமா, கதைக்கறதுன்னா பேசறது), ஊர்லேருந்து தாத்தா பாட்டி போன்ல சிரிப்பாங்க. அவங்ககிட்ட தனியா சொல்லிடுங்க, அத கிண்டல் பண்ண வேணாம்னு. புது இடத்துல கூட்டாளி சேர்க்க அந்தப் பிள்ளை எடுக்கற முயற்சி அது.

வீட்டுல இருக்கற துணைக்கு வர்றேன். டிபென்டென்ட் விசாவுல வந்தா இங்க வேலைக்கு போக முடியாது, ஊர்ல வேலை பாத்துட்டு இருந்த பொண்ணுக்கு இது பெரிய இழப்பு, வீட்டுக்காரர் இத லேசா எடுத்துக்கக் கூடாது. விசா முடியற தேதிய ரெண்டு பேருமே தெரிஞ்சு வச்சிருக்கணும், புதுப்பிக்கறது பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்துல. வாரத்துல ரெண்டு நாளாவது வெளிய போறதுக்கு ஒரு இடம் வச்சுக்கங்க. வெள்ளவத்தை 57வது ஒழுங்கையில (லேன்) கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு, 1942லேருந்து இருக்கு, நூலகமும் இருக்கு, கூட்டங்களும் நடக்கும். ராமகிருஷ்ண மிஷன் இருக்கு, மயூரபதி அம்மன் கோயில் இருக்கு, முருகனோட ஆடிவேல் திருவிழா வந்தா தேர் பாக்கலாம். காலி வீதியில 100, 101 பஸ் ஓடிட்டே இருக்கும், முதல் மாசமே தனியா ஏறிப் பழகுங்க. சிங்களம் நாலு வார்த்தை போதும் தொடக்கத்துக்கு, எவ்வளவுன்னு கேக்க கீயத, வேணாம்னா எப்பா, நன்றிக்கு ஸ்தூதி, இறங்கணும்னா பஹினவா.

கடைசியா அக்கம்பக்கம், எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். இங்க எல்லாரையும் நீங்கன்னுதான் கூப்பிடணும், கடைத் தம்பிய, செக்யூரிட்டி ஐயாவ, பல வீட்டுல சொந்தப் பிள்ளைங்களயே வாங்கோ, சாப்பிடுங்கோன்னுதான் சொல்றாங்க, நாம உரிமையா வா போன்னா அவங்களுக்கு சுருக்குன்னு படும். அப்புறம் போர். தமிழ்நாட்டுலேருந்து வர்றவங்க உக்காந்த அஞ்சு நிமிஷத்துல "அப்ப நீங்க எங்க இருந்தீங்க, வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆச்சா"ன்னு கேட்டுடுறாங்க, அக்கறையிலதான் கேக்கறாங்க, எனக்குத் தெரியும், ஆனா கேக்காதீங்க. 1983 ஜூலையில எரிஞ்ச தெருக்கள்ல வெள்ளவத்தையும் உண்டு, 2009 வரைக்கும் நடந்தது எல்லார் வீட்டுலயும் ஏதோ ஒரு விதத்துல இருக்கு, டீ குடிக்கறப்ப பேசற கதையில்ல அது. நாம டிவியில பாத்ததையும் மேடையில கேட்டதையும் வச்சு அவங்களுக்கே விளக்கம் சொல்றது அதைவிட மோசம். அவங்களா ஒருநாள் சொல்லுவாங்க, சொல்லாமலும் இருப்பாங்க. அதுக்கு பதிலா என்ன மீன் இன்னிக்கு வந்திருக்கு, இந்தத் தூள எப்படி வறுக்கறீங்க, எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்கன்னு கேளுங்க. மாடியில சிங்களக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ இருந்தா பொங்கலுக்கு ஒரு கிண்ணம் சக்கரைப்பொங்கல் குடுத்து விடுங்க, பெருநாளைக்கு உங்க வீட்டுக்கு வட்டலாப்பம்னு ஒரு இனிப்பு வரும், புத்தர் பண்டிகையான வெசாக் அன்னிக்கு விளக்குத் தோரணம் பாக்கவும் தன்சல்ல (இலவச சாப்பாட்டுப் பந்தல்) சாப்பிடவும் அவங்களே பிள்ளைங்கள கூட்டிட்டுப் போவாங்க.

ஊர்லேருந்து பெரியவங்கள வரச்சொல்றதா இருந்தா ஜனவரி கடைசியிலேருந்து மார்ச் வரைக்கும் நல்ல நேரம், கடல் அமைதியா இருக்கும், மழையும் குறைவு. பிரஷர், சுகர் மாத்திரைய சீட்டோட எடுத்துட்டு வரச்சொல்லுங்க, மாத்திரைப் பேரு இங்க கம்பெனிக்கு கம்பெனி மாறும், உள்ள இருக்கற மருந்தோட பேரு எழுதின சீட்டு இருந்தா பார்மசியில பாத்து சரியா குடுத்துடுவாங்க.